கட்டிக்கொடுத்தது நான்தான்

ஈரப் புல்லை வெட்டக் கூடாது. இதற்கு ஒன்றும் பெரிய படிப்பு வேண்டாம். ஈரமான புல் வெட்டுப்படாது, கிழியும். கிழிந்த நுனி இரண்டு நாளில் வெளுத்துப்போய் நிற்கும். வெட்டின புல் மெஷினின் அடிவயிற்றில் களிமண் மாதிரி அப்பிக்கொள்ளும். வெயில் ஏறி, நடந்தால் செருப்பு நனையாது என்று ஆன பிறகுதான் மெஷினை வெளியே எடுக்க வேண்டும். இதை நான் மாப்பிள்ளையிடம் வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறேன். "சரி மச்சான்" என்பார். பிறகு ஈரத்திலேயே வெட்டுவார்.

நீங்கள் மெஷின் பிடியில் கம்பி கட்டியிருந்த அந்தப் படத்தை என் முன்னால் வைத்து, இப்படிக் கட்டினால் என்ன ஆகும், உங்களுக்கு மெஷின் விஷயம் தெரியும் என்பதால் கேட்கிறோம் என்றீர்கள். சொல்லத்தான் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன். ஆனால் கம்பியைப் பற்றி மட்டும் சொன்னால் பாதிதான் விளங்கும். கொஞ்சம் பின்னாலிருந்து வருகிறேன். அவசரம் இல்லையென்றால்.

எங்கள் இரண்டு வீடுகளையும் நீங்கள் பார்த்தீர்கள். அப்பாவின் மனை அது. அதில் பாதியில் என் வீடு, பாதியில் தங்கையின் வீடு. சுவர், கதவு, தண்ணீர்க் குழாய் எல்லாம் தனித்தனி. முன்னால் இருக்கும் புல்தரையை மட்டும் பிரிக்கவில்லை. நடுவில் வேலி போட்டால் பார்க்க நன்றாக இருக்காது என்று தங்கைதான் சொன்னாள். புல் வெட்டும் மெஷினும் ஒன்றுதான். ஒரு வாரம் நான், ஒரு வாரம் மாப்பிள்ளை என்று முறை வைத்துக்கொண்டோம். முழுத் தரையையும் யார் முறையோ அவர் வெட்ட வேண்டும். அதுதான் ஏற்பாடு.

நான் லிஃப்ட் பராமரிப்பில் இருக்கிறேன். ஆபீஸ் கட்டடங்கள், ஆஸ்பத்திரிகள், அடுக்குமாடி வீடுகள். லிஃப்ட் ஏற்றி இறக்குவது பெரிய விஷயமே இல்லை, அதை மோட்டார் பார்த்துக்கொள்ளும். என் வேலை, அது எப்போது அசையக் கூடாதோ அப்போது அசையாமல் பார்த்துக்கொள்வது. கதவு முழுசாக மூடாவிட்டால் லிஃப்ட் நகராது. அதற்கு ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. சோதனை பார்க்கும்போது சில மெக்கானிக்குகள் அந்த சுவிட்சை ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுவார்கள். வேலை முடிந்ததும் வயரை எடுக்க வேண்டும். எங்களில் ஒருவன் எடுக்க மறந்தான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இருந்தாலும் நான்தான் மேலே எழுதிப்போட்டு அவனை வேலையை விட்டு அனுப்பவைத்தேன். மறுநாள் அவன் மனைவி வந்து அழுதாள். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த விஷயத்தில் தயவுதாட்சண்யம் பார்க்க முடியாது.

தெருவில் எனக்கு அளவுகோல் என்று பெயர். மாப்பிள்ளை வைத்தது. வைத்த மறு வாரமே தெரு முழுக்கப் பரவிவிட்டது. அவர் வைத்த பெயர் எதுவும் ஒட்டாமல் போனதில்லை.

அவர் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பிரேக்குக்கும் கிளட்சுக்கும் வித்தியாசம் தெரியாதவர்களோடு நாள் முழுக்க உட்கார்ந்து, ஒரு முறைகூடக் குரல் உயர்த்தாமல் வீடு திரும்புகிறவர். பெண் கேட்டு வந்தபோது நான்தான் விசாரித்தேன். விசாரித்த இடத்தில் எல்லாம் நல்லபடியாகவே சொன்னார்கள். தங்கையை அவருக்குக் கட்டிக்கொடுத்ததும் நான்தான். அப்பா இல்லை, அம்மாவும் இல்லை. அவளுக்கு எல்லாம் நான் என்று இருந்தபோது நடந்த கல்யாணம்.

ஆனால் ஒரு பொருள் அவர் கைக்குப் போனால், போனது மாதிரி திரும்பி வராது.

மெஷின் அழுக்கோடு வரும். பிளேடு கல்லில் பட்டு மழுங்கி வரும். வயரை இரண்டு முறை மெஷினாலேயே வெட்டி, மேலே டேப் சுற்றிக் கொண்டுவந்து வைத்தார். அந்த டேப்பும் என்னுடையது. அவர் வீட்டு வெளிச்சுவரில் இருந்த பிளக் பாயிண்ட் கருகிப்போயிற்று. சரிசெய்வதற்குப் பதிலாக என் வேலை அறை ஜன்னல் வழியாகக் கையை விட்டு, உள்ளே மேஜைக்கு மேலே இருக்கும் பாயிண்டில் சொருகிக்கொள்வார். "உங்க ரூம் கரண்ட்டு நல்லா ஓடுது மச்சான்" என்பார். என் மனைவி சிரிப்பாள். என் மனைவி சிரிப்பது அபூர்வம். அவர் பேசினால் சிரிப்பாள்.

ஒரு கோடையில் உரம் போடுகிறேன் என்று கையால் வீசினார். அளவு பார்க்கவில்லை, தண்ணீர் விடவில்லை. விழுந்த இடமெல்லாம் புல் எரிந்துபோய், தரை முழுக்கத் திட்டுத்திட்டாகப் பழுப்பு. நான் முட்டி போட்டு உட்கார்ந்து செத்த புல்லைக் கிளறி எடுத்து, மண் போட்டு, விதை தூவினேன். அவர் வாசலில் நின்று காபி குடித்துக்கொண்டே பார்த்தார்.

"விடுங்க மச்சான். புல்லுதானே. வளராம எங்க போகப்போவுது?"

"வளரும். களைதான் வளரும்."

"அதுவும் பச்சையாத்தானே இருக்கும்?"

தங்கை அவருக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவளும் சிரித்தாள்.

அவள் சின்னவளாக இருந்தபோது நான் புல் வெட்டினால் அவள்தான் வயரைப் பிடிப்பாள். பின்னாலேயே வருவாள், நான் திரும்பும்போது திரும்புவாள். ஒரு முறைகூட வயர் பிளேடுக்குக் குறுக்கே வந்ததில்லை. நாங்கள் பேசிக்கொள்ளக்கூட மாட்டோம், பேச்சு தேவைப்படாது. கல்யாணத்துக்கு அப்புறமும் என் முறை வரும்போது கொஞ்ச காலம் வந்து பிடித்தாள். பிறகு அவளுக்குத் தையல் வேலை அதிகமாயிற்று. வீட்டிலேயே திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறாள், தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நல்ல கை. கடையில் தைத்தது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நான் வயரைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாக வெட்டப் பழகிக்கொண்டேன். இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. கேட்டீர்கள் என்பதால் சொல்கிறேன்.

இப்போது அந்தப் பிடி.

மெஷினின் கைப்பிடிக்குக் கீழே ஒரு வளைந்த லீவர் இருக்கிறது. அதைக் கைப்பிடியோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தால்தான் மோட்டார் ஓடும். விட்டால் நின்றுவிடும். நெஞ்சு வலி வந்து விழுந்தாலும் சரி, கால் வழுக்கினாலும் சரி, கை விட்ட அந்த நிமிஷமே பிளேடு நிற்க வேண்டும். அதற்காக வைத்தது. மாப்பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை. நாள் முழுக்க ஸ்டியரிங் பக்கம் கையை நீட்டி நீட்டி அவருக்கு மணிக்கட்டில் வலி இருந்தது. உண்மையான வலிதான், டாக்டரிடம் போனார்.

"இதைப் புடிச்சுக்கிட்டே நடந்தா கை மரத்துப்போவுது மச்சான். நீங்கதான் மெஷின் டாக்டராச்சே. விட்டாலும் ஓடுற மாதிரி ஏதாவது பண்ணிக் குடுங்களேன்."

முடியாது என்றேன். ஏன் முடியாது என்று விளக்கினேன். வேலையை விட்டுப் போன அந்த மெக்கானிக்கின் கதையைக்கூடச் சொன்னேன். அவர் முழுசாகக் கேட்டுவிட்டு, "சரி, அளவுகோல் சொன்னா அப்பீல் ஏது" என்று என் முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் நான் அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன். கவனிப்பது என் தொழிலில் பாதி. ஈரப் புல் அடைத்துக்கொண்டால் மெஷின் திணறும். அவர் பிடியை விடுவார், மெஷின் நிற்கும், ஒரு பக்கமாகச் சாய்த்து, கையை உள்ளே விட்டு அள்ளிப் போடுவார். பிளக்கைப் பிடுங்க மாட்டார். பிளக் என் அறையில் அல்லவா இருக்கிறது, அவ்வளவு தூரம் யார் நடப்பது. ஒவ்வொரு முறையும் அப்படித்தான். லீவர் இருந்த வரைக்கும் அதில் பெரிய ஆபத்து இல்லை.

இன்னொன்றும் எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. இந்த மோட்டாருக்குள் ஒரு சின்னத் தடுப்பு இருக்கிறது. புல் இறுகி பிளேடு சுற்ற முடியாமல் போனால் மோட்டார் சூடாகும். சூடு அளவுக்கு மீறினால் அந்தத் தடுப்பு மின்சாரத்தைத் தானாகவே துண்டித்துவிடும், மோட்டார் கருகாமல் இருக்க. சத்தமே இருக்காது. செத்துவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். சில நிமிஷத்தில் சூடு ஆறும். ஆறியதும் தடுப்பு தானாகவே சேர்ந்துகொள்ளும். கையைப் பிடியிலிருந்து எடுத்திருந்தால் ஒன்றும் ஆகாது. பிடி கட்டப்பட்டிருந்தால் பிளேடு உடனே சுற்றும். இதுதான் நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில்.

அந்த வாரம் குறிப்பாக ஒன்றும் நடக்கவில்லை. சண்டை இல்லை, வார்த்தை தடிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் சாப்பாடு. சாப்பிட்டு முடித்ததும் தங்கை, அவள் வீட்டு ஜன்னல் பக்கமாகப் பார்த்துக்கொண்டு, "அண்ணா, கோச்சுக்காத. நடுவுல வேலி போட்டுக்கலாமா? இவரும் நிம்மதியா இருப்பாரு, நீயும் நிம்மதியா இருப்ப" என்றாள். மாப்பிள்ளை "அதெல்லாம் வேணாம், மச்சான் வருத்தப்படுவாரு" என்று மறுத்தார். அவர் எனக்காகப் பேசினார். தட்டைக் கழுவி வைத்துவிட்டு நான் என் அறைக்கு வந்தேன்.

வேலை அறையில் பலவிதமான கம்பி இருக்கும். வளையக்கூடிய, துருப்பிடிக்காத ஒன்றை எடுத்தேன். லீவரைக் கைப்பிடியோடு சேர்த்து இரண்டு இடத்தில் கட்டினேன். இரட்டை முறுக்கு. முறுக்கி முடித்ததும் முனைகளை நறுக்கி உள்பக்கமாக மடித்துவிட்டேன், கையைக் குத்திவிடக் கூடாதே என்று. அந்தப் படத்தைக் காட்டும்போது உங்களோடு இருந்தவர் "யாரோ அரைகுறையா கட்டியிருக்காங்க" என்றார். அரைகுறை இல்லை. பெரிதாக்கிப் பாருங்கள், மடிப்பு தெரியும். மாப்பிள்ளையால் அப்படி ஒரு முடிச்சுப் போட முடியாது. ஷூ கயிற்றையே அவர் கட்டி நான் பார்த்ததில்லை, காலை அப்படியே நுழைப்பார்.

மறுநாள் அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். இனிமேல் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டியதில்லை, பிளக்கைப் போட்டால் ஓடும், எடுத்தால் நிற்கும் என்றேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். என்னைக் கட்டிக்கொண்டார். நான் அதற்கெல்லாம் பழக்கமில்லாதவன். கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றேன்.

"எனக்காக உங்க சட்டத்தையே மாத்திட்டீங்களே மச்சான்."

மற்றதை நான் சொல்லவில்லை. சூட்டையும் தடுப்பையும் பற்றிச் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. கேட்டதைச் செய்து கொடுத்தேன், கேட்காததைச் சொல்லவில்லை.

அப்போது வெயில் காலம். புல் காய்ந்து சுலபமாக வெட்டுப்பட்டது. அவர் முறையில் அவர் வெட்டினார், ஒன்றும் அடைக்கவில்லை. என் முறையில் கம்பியை அவிழ்த்து வெட்டிவிட்டு மறுபடி கட்டிவைத்தேன். உண்மையைச் சொன்னால், எதற்காகக் கட்டினேன் என்பதை நான் பாதி மறந்தும்போனேன். வேலைக்குப் போனேன், வந்தேன், தூங்கினேன். நன்றாகத் தூக்கம் வந்தது. என் மனைவிகூட "இப்பல்லாம் நீங்க சிடுசிடுன்னு இல்ல" என்றாள்.

பிறகு மழை பிடித்தது. இரண்டு முறைகள் தள்ளிப்போயின. புல் முழங்காலுக்குப் பாதி வந்துவிட்டது. அடுத்தது மாப்பிள்ளையின் முறை. நான் ஒன்றும் கடுமையாகச் சொல்லவில்லை. தங்கை வாசலில் தென்பட்டபோது, "காடு வளக்கறீங்களா?" என்று கேட்டேன். அவ்வளவுதான். "இன்னிக்கு வெட்டிடச் சொல்றேண்ணா" என்றாள்.

அன்று மழை விட்டுக் கொஞ்சம் வெளுத்திருந்தது. எனக்கு விடுமுறை. என் மனைவி கடைக்குப் போயிருந்தாள். நான் அடுக்களையில் இருந்தபோது மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. ஈரத்திலேயே வெட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். வேலை அறைக்குப் போனேன். ஏன் போனேன் என்று நீங்கள் கேட்பீர்கள். என் அறைக்கு நான் போவதற்குக் காரணம் வேண்டுமா? அங்கே ஒரு நாற்காலி இருக்கிறது. ஜன்னல் திறந்திருந்தது, வயர் அதன் வழியாக வெளியே போயிருந்தது. பிளக் மேஜைக்கு மேலே, என் கைக்கு எட்டும் இடத்தில்.

தூரத்தில் மாப்பிள்ளையின் பெரிய தொப்பி தெரிந்தது. அவருடைய ரப்பர் பூட்ஸ். முதுகு என் பக்கம் இருந்தது. சத்தம் மாறுவதைக் கேட்டேன். அடைக்கப் போகும்போது அது கனத்துத் தாழும். நான் உட்காரவில்லை, நின்றுகொண்டிருந்தேன். வரிசையின் கடைசியில் திரும்பும்போதுதான் முகம் தெரிந்தது. அவள்.

மாப்பிள்ளையை டிரைவிங் ஸ்கூலில் அவசரமாகக் கூப்பிட்டுவிட்டார்களாம். வந்து வெட்டுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார். அவள் கேட்கவில்லை. "அதுக்குள்ள மழை வந்துடும், அண்ணன் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாரு" என்று சொல்லிவிட்டு, அவருடைய தொப்பியையும் பூட்ஸையும் போட்டுக்கொண்டு இறங்கியிருக்கிறாள். பிளக்கைப் போட்டதுமே மெஷின் ஓடியதைப் பார்த்து, கை வலிக்காக அவர் ஏதோ செய்துவைத்திருக்கிறார் என்று விட்டுவிட்டாளாம். இதெல்லாம் பிறகு தெரிந்தது.

அவள் திரும்பி வரும்போது, என் ஜன்னலுக்குக் கொஞ்சம் முன்னால், மெஷின் அடைத்துக்கொண்டது. உறுமியது, பிறகு உறுமலும் நின்றது. அவள் பிடியை விட்டாள். ஒன்று சொல்ல வேண்டும்: மாப்பிள்ளை மாதிரி அவள் உடனே கையை உள்ளே விடவில்லை. மெஷினை விட்டு ஓர் அடி பின்னால் வந்து நின்றாள். பிளேடு முழுசாக நிற்கும் வரைக்கும் காத்திருக்க வேண்டும் என்று நான்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். பிடியை விட்டுட்டா அது ஒண்ணும் பண்ணாது, பயப்படாதே என்றும் நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். அவளுக்கு எட்டு வயதோ ஒன்பது வயதோ இருக்கும்.

நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள். தொப்பியைக் கொஞ்சம் மேலே தள்ளிக்கொண்டு சிரித்தாள்.

"அண்ணா, அடைச்சுக்கிச்சு."

நான் மெஷினைப் பார்த்தேன்.

"நானே எடுத்துடறேன். நின்னுடுச்சில்ல?"

நான் தலையாட்டினேன்.

இதை நீங்கள் சரியாக எழுதிக்கொள்ள வேண்டும். பிளக் எனக்குப் பக்கத்தில் இருந்தது. கையை நீட்டிப் பிடுங்கியிருக்கலாம். ஏன் பிடுங்கினாய் என்று அவள் கேட்டிருக்கக்கூட மாட்டாள். ஜாக்கிரதைக்காரன் அண்ணன், பிடுங்கினான் என்று நினைத்திருப்பாள். அவள் மெஷினைச் சாய்த்தாள். முன்பக்கத்தில் இருந்த புல்லை ஒரு குச்சியால் முதலில் தட்டிவிட்டாள். குச்சி ஒடிந்துபோயிற்று. பிறகு பூட்ஸ் மண்ணை உதறினாள். தொப்பி கண்ணை மறைத்தது, கழற்றிப் பக்கத்தில் வைத்தாள். அவ்வளவு நேரம் இருந்தது. அவ்வளவு நேரமும் நான் அங்கேதான் நின்றேன். எதையும் திட்டமிட்டு நிற்கவில்லை. என் மனதில் இருந்தது என்ன என்று கேட்டால், அவர் தொப்பி அவளுக்குப் பொருந்தவில்லை என்பதுதான். அவர் பூட்ஸ், அவர் தொப்பி, அவர் முறை. அதையெல்லாம் இவள் ஏன் போட்டுக்கொண்டாள் என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு அவள் வலது கையை உள்ளே விட்டாள். உள்ளே இறுகியிருந்த புல் அசைந்து வெளியே வந்தது.

சத்தம் வந்ததும் நான் பிளக்கைப் பிடுங்கினேன். அந்த நொடியிலேயே பிடுங்கினேன். தாமதிக்கவில்லை. ஓடிப்போய் என் சட்டையைக் கழற்றிக் கையைச் சுற்றினேன், தூக்கி வைத்துக் கட்டினேன், வண்டியை வரவழைத்தேன். விரல்களைத் தேடி எடுத்து, ஈரத் துணியில் பொதிந்து, ஐஸ் வைத்து எடுத்துப்போனேன். டாக்டர் என்னைப் பாராட்டினார். எல்லோரும் பதறிப்போகும் நேரத்தில் இவ்வளவு நிதானமாக யாரும் செய்ய மாட்டார்கள் என்றார். ஆனாலும் ஒட்டவைக்க முடியவில்லை. மூன்று விரல்கள். கட்டை விரலும் சுண்டு விரலும் இருக்கின்றன.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மாப்பிள்ளை வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அழுது முகம் வீங்கியிருந்தது. யாரும் கேட்காத மாதிரி மெதுவாகச் சொன்னார்.

"மச்சான், அந்தக் கம்பி யார் கட்டினதுன்னு கேக்கறாங்க. நான்தான் கட்டினேன்னு சொல்லிட்டேன்."

நான் அவரைப் பார்த்தேன்.

"எனக்கு வலிக்குதுன்னு நான் கெஞ்சினதாலதானே நீங்க பண்ணீங்க. நல்ல மனசுல பண்ணது. உங்க வேலைக்கு இதெல்லாம் தெரிஞ்சா சும்மா விடுவாங்களா? நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. அவகிட்டயும் சொல்லாதீங்க. தன் அண்ணன்தான்னு தெரிஞ்சா தாங்க மாட்டா."

என் தோளில் கையை வைத்துக்கொண்டே இருந்தார். சொல்லாதீர்கள் என்றார், சொல்லவில்லை.

அதன் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். எல்லோரும் அவரைப் பேசினார்கள். சோம்பேறித்தனத்துக்கு ஒரு பெண்ணின் கையைப் பலி கொடுத்தவன் என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். என் தங்கை ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அவர் டிரைவிங் ஸ்கூல் மாடியில் ஓர் அறையில் போய்ப் படுத்துக்கொண்டார். அவள் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவளுடைய பழைய அறையே காலியாகத்தான் இருந்தது. நான்தான் அவளுக்குத் தலை வாரிவிடுகிறேன். சோற்றைப் பிசைந்து ஸ்பூனில் எடுத்துக் கொடுக்கிறேன். இடது கையால் கையெழுத்துப் போடப் பழக்குகிறேன். புல்தரையை ஒவ்வொரு வாரமும் நானே வெட்டுகிறேன், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் ஒரே உயரம். தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள்.

என் மனைவி மட்டும் ஒரு நாள் கேட்டாள். பாத்திரம் துலக்கிக்கொண்டே, திரும்பாமல்.

"அன்னிக்கு நீங்க அந்த ரூம்லதான் இருந்தீங்களா?"

"இருந்தேன்."

குழாயை மூடினாள். ஈரக் கையைத் துடைக்காமல் கொஞ்ச நேரம் நின்றாள். இப்போது அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். வருவாள்.

இத்தோடு விட்டிருந்தால் நான் இங்கே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க மாட்டேன். நேற்றுக் காலை தலை வாரிவிடும்போது தங்கை சொன்னாள்: "அண்ணா, அவரை நான் போய்க் கூட்டிட்டு வரப்போறேன். வேணும்னு பண்ணலயே அவரு. கை வலி தாங்காம, தெரியாத்தனமா கட்டிட்டாரு. தெரியாம பண்ணதுக்கு எத்தன நாளு தள்ளி வெக்கறது? நான் மன்னிச்சுட்டேன்."

சீப்பு என் கையில் அப்படியே நின்றது.

நீங்கள் நினைத்துப் பாருங்கள். என் மெஷினை எடுத்துப் பாழாக்கினார். என் வயரை வெட்டினார். என் பெயரை மாற்றினார். என் வீட்டில் இருந்த பெண்ணைக் கொண்டுபோனார். அதெல்லாம் போகட்டும். நான் கட்டின கட்டையும் தான் கட்டியதாகச் சொல்லிக்கொண்டார். இப்போது அதற்குக் கிடைக்கிற மன்னிப்பையும் அவரே வாங்கிக்கொண்டு, வீட்டுக்குள் வந்து உட்காரப்போகிறார். அவர் என்ன செய்தார், அவரை மன்னிக்க? ஒரு கம்பியை முறுக்கத் தெரியுமா அவருக்கு?

அதனால் நீங்கள் அவர் கையெழுத்துப் போட்ட காகிதத்தைக் கிழித்துவிடலாம். கட்டியது நான். என்ன ஆகும் என்று தெரிந்து கட்டினேன். அவர் கை உள்ளே போகும் என்று தெரிந்து கட்டினேன். அவள் என்று தெரிந்த பிறகும் தலையாட்டினேன். இதில் மறைக்க ஒன்றும் இல்லை, எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று. இதைச் சீக்கிரம் முடித்து என்னை வீட்டுக்கு அனுப்பப் பாருங்கள். அவள் இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டாள். விஷயத்தை நானே அவளிடம் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். முதலில் அழுவாள், பிறகு புரிந்துகொள்வாள். மன்னிப்பதாக இருந்தால் மன்னிக்க வேண்டியவனை மன்னிக்கட்டும். அவளுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்.